அக்கா வாயில் எதுவும் தங்காது

ஓசூர் பாகலூர் சாலைப் பக்கம் எங்கள் லைன் வீட்டுக்கு நானும் என் கணவரும் குடிவந்த வாரமே எல்லோரும் எனக்கு ஒரே எச்சரிக்கையைத் தந்தார்கள். மாடி அக்காவிடம் எதையும் சொல்லிவிடாதே. வீட்டு ஓனர் சொன்னார். பால் போடுகிறவர் சொன்னார். கடைசியில் அக்காவே சொன்னார்.

"எங்கிட்ட மட்டும் எதையும் சொல்லிடாத பாப்பா. நான் நல்லவதான். வாய்தான் சரியில்ல."

அக்காவுக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. பேரிகைப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பம். புருஷன் போய் ரொம்ப காலம் ஆகியிருந்தது. மகன் கோலாரில் வேலை. அக்கா ரோஜா பேக்கிங் ஷெட்டில் முப்பது பெண்களுக்கு மேற்பார்வை. பசுமைக்குடிலில் இருந்து வரும் பூவைக் காம்பு நீளம் பார்த்துப் பிரித்துக் கட்டு கட்டுகிற வேலை. ஷெட்டின் இந்த மூலையில் நின்று அவர் கூப்பிட்டால் அந்த மூலையில் கத்தரி பிடித்திருக்கிறவள் திரும்புவாள். கோபம் வந்தால் தெலுங்கு, பூ எண்ணும்போது கன்னடம், எங்களோடு தமிழ். மூன்றிலும் குரல் ஒரே உயரம்தான். கடைசி பஸ் கிளம்பிக்கொண்டிருக்கிறது, ஓடிப் பிடிக்கவேண்டும் என்பதைப் போலத்தான் எப்போதும் பேசுவார். "அய்யய்யோ, கேளு கேளு!" என்று ஆரம்பித்தால், கேஸ் சிலிண்டர் வந்ததாகவும் இருக்கலாம், தெருவில் யாரோ செத்ததாகவும் இருக்கலாம்.

நான் எச்சரிக்கையை மறந்த முதல் தடவை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. போன் உதிரி பாகங்கள் பூட்டுகிற ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. இன்னொரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து, யாருக்கும் தெரியாமல் இன்டர்வியூவுக்குப் போய்வந்தேன். படபடப்பு தாங்காமல் அன்று மாலை மாடிப்படியில் அக்காவிடம் சொல்லித் தொலைத்தேன். மறுநாள் காலை கம்பெனி பஸ் தெருமுனைக்கு வந்து நின்றது. ஜன்னலோரம் எங்கள் லைன் லீடர். நான் ஏறக் காலை வைத்தேன். மேலே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா பார்த்துவிட்டார்.

"ஏ பாப்பா! அந்த இன்னொரு கம்பெனிக்காரன் என்ன சொன்னான்? எடுத்துக்கறானாமா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கால் படியிலேயே ஒட்டிக்கொண்டது. போய் உட்கார்ந்த பிறகு லைன் லீடர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவ்வளவுதான், வேலை போச்சு என்று நினைத்தேன். அவர் குனிந்து என் காதருகே கேட்டார்: "அங்க லீடர் போஸ்ட்டுக்கும் எடுக்கறாங்களா?"

இப்படிச் சிரிப்பாக முடிந்தவை நிறைய. ஆனால் எல்லாமே அப்படி முடியவில்லை. கடைசி வீட்டில் ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி தோழிகளோடு தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்க அவள் அப்பா ஒருநாள் சொல்லாமல் வந்துவிட்டார். வாசலில் நின்றவரை அக்காதான் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "பொண்ணு எங்கம்மா?" என்று அவர் கேட்டதற்கு, "இன்னிக்கு லீவுதானே, அந்தப் பையனோட சந்திரசூடேஸ்வரர் மலைக்கிப் போயிருக்குது, வந்துடும்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்திருக்கிறார். அன்று சாயங்காலமே அந்தப் பெண்ணின் துணிமணிகள் ஒரு வாடகை வண்டியில் ஏறின. வண்டிக்குள் இருந்து அவள் எங்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவள் எண் கிடைக்கவே இல்லை.

அக்கா இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் வாயில் ஏலக்காயை அடக்கிக்கொண்டு இறங்கிவந்தார். ஏலக்காய் உள்ளே இருக்கிற வரை பேசுவதில்லை என்று தீர்மானமாம். கன்னத்தில் மேடு தட்டிய அந்த முகத்தோடு, தலையாட்டலும் கையசைப்புமாகத் தண்ணீர் லாரிக்காரனோடு சண்டை போட்டதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த ஏலக்காய் சில மணி நேரம்கூடத் தாங்கவில்லை. ஆனாலும் முக்கியமான விஷயம் ஏதாவது காதில் விழுந்துவிட்டால் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிற பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

என் வீட்டுக்காரருக்கு ஹெர்னியா ஆபரேஷன் வந்தது அந்தச் சமயத்தில்தான். அவருக்குச் சொந்த ஊர் கல்லாவி. இங்கே ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் இரும்பு தூக்குகிற வேலை. அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் போலப் புடைப்பு வந்து, இருமினால் துருத்திக்கொண்டு நிற்கும். ராயக்கோட்டை சாலையில் ஒரு மருத்துவமனையில் காட்டினோம். சின்ன ஆபரேஷன்தான், தள்ளிப்போட வேண்டாம் என்றார்கள். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா முன்கூட்டியே வரச்சொல்லிக் கேள்விகள் கேட்டார். ஆஸ்துமா உண்டா, சர்க்கரை உண்டா, சிகரெட், குடி உண்டா. அன்று நான் கூடப் போகவில்லை. எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

சனிக்கிழமைகளில் குடிப்பார் என்பது எனக்குத் தெரியும். சனிக்கிழமை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் எனக்கு நைட் ஷிப்ட். விடிந்து வந்ததும் குளித்துவிட்டு அவரை அழைத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். நாகரசம்பட்டியில் என் அம்மாவுக்கு மாங்காய் அறுப்பு நேரம், வரமுடியவில்லை. அக்கா ஷெட்டுக்கு லீவு சொல்லிவிட்டு, பிளாஸ்க்கும் போர்வையுமாக எனக்கு முன்னால் வாசலில் நின்றிருந்தார். ஆட்டோவில் ஏறியதில் இருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. வலது கன்னம் மட்டும் உப்பியிருந்தது.

"பல்லு வலியா அக்கா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். கண் இரண்டும் ராத்திரி தூங்காத கண்ணாகச் சிவந்திருந்தன.

மருத்துவமனையில் என் வீட்டுக்காரருக்குப் பச்சை உடுப்பு மாட்டி ஹாலில் ஒரு கட்டிலில் படுக்கவைத்தார்கள். சுற்றிலும் பத்துப் பேராவது இருப்பார்கள், கால் கட்டோடு ஒருவர், பிள்ளை பெறக் காத்திருக்கிற பெண்ணின் குடும்பம், இன்னும் யார் யாரோ. நர்ஸ் வந்து மறுபடியும் கேட்டார்.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"நேத்து ராத்திரி எட்டு மணிக்குங்க சிஸ்டர். இட்லி."

"அதுக்கப்புறம் தண்ணி, காபி?"

"எதுவும் இல்லீங்க."

"டிரிங்க்ஸ் பழக்கம் இருக்கா? நேத்து எடுத்தீங்களா?"

"சேச்சே, அந்தப் பழக்கமே இல்லீங்க."

சனிக்கிழமைக் கணக்கைச் சொல்லவேண்டுமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள், பின்னாலிருந்து 'தூ' என்று ஒரு சத்தம். ஏலக்காய் என் காலடியில் வந்து விழுந்தது.

"பொய்யி! பொய்யி சொல்றான் சிஸ்டர்! நேத்து சாயங்காலம் பார்டர் தாண்டி அத்திப்பள்ளி போயி குடிச்சிட்டு வந்தான்! நிக்க முடியாம பஸ் ஸ்டாப்புல என் தோளப் புடிச்சான். சேக்காளிங்கெல்லாம் ஆபரேஷனுக்கு முன்னாடி பயம் தெளியட்டும்னு ஊத்தி விட்டிருக்கானுங்க. தலயில அடிச்சு சத்தியம் வாங்கிட்டான், யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு. ராத்திரி பூரா தூங்கல சிஸ்டர் நானு! என் தல வெடிச்சாலும் சரி. தேவுடா, சொல்லிட்டன்!"

பிரசவத்துக்கு வந்த பெண்ணின் மாமியார் வாயில் கைவைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்த பார்வையை நான் எழுத முடியாது. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. காது இரண்டும் கொதித்தன.

டாக்டரம்மா வந்தார். கத்தவெல்லாம் இல்லை. கட்டில் ஓரத்தில் நின்று அவரிடம் குனிந்து பேசினார்.

"இன்னிக்கு ஆபரேஷன் கிடையாது. உங்களுக்கு மயக்கம் கொடுக்கிறப்போ வயித்துல இருக்கறது மேல வந்து நுரையீரலுக்குள்ள இறங்கிச்சுன்னா உயிருக்கே ஆபத்து. எவ்வளவு மருந்து கொடுக்கறதுங்கற எங்க கணக்கும் தப்பிடும். ரத்தம் சீக்கிரம் நிக்காது, காயமும் ஆறாது. சின்ன ஆபரேஷன்னு நெனச்சுட்டீங்க. மயக்கத்துல சின்ன மயக்கம் பெரிய மயக்கம்னு கிடையாதுங்க." பிறகு கேட்டார்: "தினமும் குடிப்பீங்களா? எவ்வளவுன்னாலும் பரவாயில்ல, சொல்லிடுங்க. தினமும் குடிக்கறவங்க திடீர்னு நிறுத்தினா அது வேற மாதிரி ஆபத்து. அதுக்கு மருந்து கொடுத்துத்தான் நிறுத்தணும்."

"சனிக்கிழமை மட்டுங்க டாக்டர்."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன், எனக்குத் தெரிந்தது அதுதான். அக்காவும் பேசாமல் இருந்தார். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் தெருவுக்கே தெரிந்திருக்குமே! குடிக்காமல் இருந்து இரண்டு மூன்று வாரம் கழித்து வரச்சொன்னார்கள்.

திரும்பும்போது அக்கா வேறு ஆட்டோவில் வந்தார். "அந்தப் பொம்பள இனிமே நம்ம வாசப்படி ஏறக்கூடாது" என்றார் இவர். "என் மானத்த வாங்கிட்டா. குடிக்காம இருந்து காட்டறன் பாரு. அவளுக்கும் காட்டறன், அந்த டாக்டருக்கும் காட்டறன்."

காட்டத்தான் செய்தார். அன்றைக்கு ஒரு சொட்டு தொடவில்லை. மறுநாள் காலையில் டம்ளரைத் தூக்கினார், டீ பாதி சட்டையில் கொட்டியது. கை அப்படி நடுங்கியது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு பனியன் நனைய வேர்த்தது. காய்ச்சலோ என்று தொட்டுப் பார்த்தேன். "ஒண்ணுமில்ல, போ" என்று எரிந்து விழுந்தார். அதற்கடுத்த நாள் மத்தியானம் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே பட் பட் என்று சத்தம். போய்ப் பார்த்தால் சுவரைக் கையால் அடித்துக்கொண்டிருக்கிறார்.

"எறும்பு பாரு, எறும்பு! எவ்வளவு எறும்பு! அம்மா, அந்தத் தொடப்பத்த எடு!"

சுவரில் ஒன்றும் இல்லை. என்னைத்தான் அம்மா என்று கூப்பிட்டார். கண்ணில் நான் இல்லை.

பிறந்ததில் இருந்து நான் குரல் உயர்த்திப் பேசியதில்லை. அன்றைக்கு வாசலில் நின்று மாடியைப் பார்த்துக் கத்தினேன். "அக்கா! அக்கா! ஓடி வாங்க அக்கா!"

ஞாயிற்றுக்கிழமை என்பதால் அக்கா வீட்டில் இருந்தார். மாவுக் கையோடு இறங்கி வந்தார். வாசப்படி ஏறக்கூடாது என்று சொல்லியிருந்தது அவருக்கும் தெரியும், ஏனென்றால் இவர் அதைத் தெருவுக்கே கேட்கச் சொல்லியிருந்தார். ஏறி, உள்ளே வந்து, இவர் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"பாப்பா! அந்த டாக்டரம்மா சொல்லிச்சே, திடீர்னு நிறுத்தினா ஆபத்துன்னு! இது அதான்! இவன் சனிக்கெழம மட்டும் குடிக்கறவன் இல்ல, தெனம் குடிச்சிருக்கான்! போன எடு, நூத்தியெட்டுக்கு அடி. இல்ல, குடு நானே பேசறன்!"

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து, என்ன நடக்கிறது, எப்போது குடியை நிறுத்தினார், என்ன ஆபரேஷனுக்குப் போனார், எங்கே ஆலமரம், எங்கே திரும்பவேண்டும் என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினார். தெரு முழுக்க வெளியே வந்துவிட்டது. யார் கேட்கிறார்கள் என்று எனக்கு அன்று தோன்றவே இல்லை. நல்லவேளை எல்லோரும் கேட்டார்கள். நாலு பேர் சேர்ந்துதான் அவரைத் தூக்க முடிந்தது.

மருத்துவமனை வாசலில் ஸ்ட்ரெச்சரை இறக்கும்போது அவருக்குக் கை கால் இழுத்துக்கொண்டது. பல் கிட்டிக்கொண்டு, வாயோரம் நுரை வந்தது. என்ன ஏது என்று ஓடிவந்தவர்கள் கேட்க, நான் அழுதுகொண்டு நின்றேன். அக்காதான் எல்லோர் தலைக்கும் மேலே குரல் கொடுத்தார்: "தெனம் குடிக்கறவரு! நிறுத்தி மூணாம் நாளு! வலிப்பு இப்பத்தான் மொதல் தடவ!" அந்த மூன்று விஷயத்தையும் கேட்டதும் ஊசியோடு ஒருவர் ஓடினார்.

அந்த வாரம் முழுக்க அங்கேதான் கிடந்தோம். நினைவு தெளிந்து அவர் முதலில் என்னிடம் சொன்னது உண்மையைத்தான். ஷிப்ட் முடிந்ததும் தினமும் ஒரு குவார்ட்டர். இரண்டு வருஷமாக. வீட்டுக்கு வருமுன் பாக்கும் சோம்பும். நான் எதிர் ஷிப்டில் இருந்த நாட்களில் இன்னும் கொஞ்சம். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுதார் என்று முதுகைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

டாக்டரம்மா பார்க்க வந்தார். "அன்னிக்கு ஆபரேஷன் பண்ணியிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. மயக்கத்துல தப்பிச்சிருந்தாலும், ரெண்டாம் நாள் வார்டுல இந்த வலிப்பு வந்திருக்கும். போட்ட தையல் பிஞ்சிருக்கும். இவருக்குக் குடியே கிடையாதுன்னு எழுதி வச்சிருந்தோம், அதனால நாங்களும் காரணம் தெரியாம வேற எதையாவது தேடிட்டு இருந்திருப்போம்."

அன்று சாயங்காலம் வராந்தாவில் அக்காவும் நானும் பிளாஸ்க் டீ குடித்தோம். இந்த அக்காவின் வாழ்க்கையில் ஏதோ ஒரு பெரிய துயரம் இருக்கவேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம். யாரோ, எங்கேயோ, ஓர் உண்மையை மறைக்கப்போய் இவருக்கு ஒரு உயிர் போயிருக்கும், அதனால்தான் இப்படி ஆகியிருப்பார் என்று நானே கதை கட்டிவைத்திருந்தேன். கேட்டேவிட்டேன்.

அக்கா டீ புரையேறுகிற மாதிரி சிரித்தார். "ஏமி லேதம்மா! ஒண்ணுமே இல்ல பாப்பா! எங்க வீட்டுக்காரரு மஞ்சக்காமாலயில போனாரு, அதுக்கும் இதுக்கும் சம்மந்தமில்ல. பொறந்தப்ப நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு எரும கட்ட அறுத்துகிட்டு ஓடிச்சாம். அன்னிலருந்தே இப்டித்தான்."

சிரித்து முடித்துவிட்டு டம்ளரை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர் குரல் தணிந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"அந்த ஊத்தங்கர பொண்ணு விசயத்துல நான் வாய மூடியிருக்கணும். இவன் விசயத்துல அன்னிக்கு ராத்திரியே தொறந்திருக்கணும், உங்கிட்ட ஓடி வந்திருக்கணும். எத சொல்லணும் எத சொல்லக்கூடாதுன்னு சொல்லி முடிச்சப்பறம்தான் தெரியுது பாப்பா. முன்னாடியே தெரிஞ்சா எவ்ளோ நல்லா இருக்கும்."

அவர் டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினேன்.

என் வீட்டுக்காரர் தேறிவர மாதங்கள் ஆயின. மாத்திரைகளும், வாரா வாரம் ஒரு ஆலோசகரிடம் போய்ப் பேசுவதுமாகக் கழிந்தது. சேக்காளிகள் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வருவதை நிறுத்தினார்கள். ஒருவன் மட்டும் வெறுங்கையோடு வந்து கேரம் ஆடிவிட்டுப் போனான். புடைப்பு அப்படியே இருந்தது. பெல்ட் போட்டுக்கொண்டு எளிய வேலை பார்த்தார். அக்காவோடு மட்டும் பேச்சு வார்த்தை இல்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் இருவரும் சுவரைப் பார்ப்பார்கள். ஆனால் மறுபடி ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும், ஆட்டோ சொல்லப்போனவர் படிக்குக் கீழே நின்று மேலே பார்த்து, "அக்கா, நாளைக்குக் காலைல லீவு போடுவீங்களா?" என்று கேட்டார். மேலே என்ன பதில் வந்தது என்பதை மூன்று தெருவும் கேட்டது.

அதே ஹால். அதே போலப் பச்சை உடுப்பு. நர்ஸ் வேறு ஆள். காய்ச்சல், சளி எல்லாம் கேட்டுவிட்டு, "குடிப்பழக்கம்?" என்றார்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். "இருந்துச்சுங்க சிஸ்டர். ரெண்டு வருசம் தெனம் ஒரு குவார்ட்டரு. நிறுத்தினப்ப வலிப்பு வந்து இங்கதான் சேத்தாங்க. டாக்டர் சொல்லி மாத்திரை சாப்பிட்டு நிறுத்திட்டன். அஞ்சு மாசமா தொடல. நேத்தும் தொடல. மாத்திரைச் சீட்டு இவகிட்ட இருக்குது, பாத்துக்கங்க."

சத்தமாகத்தான் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை விலக்கிப் பார்த்தார். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. சேர்த்துச் சொல்ல அவரிடம் ஒன்றுமே மிச்சமில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எழுந்து போய் இவர் தலைமாட்டுப் போர்வையைத் தேவையில்லாமல் சரி செய்தார்.

உள்ளே கொண்டுபோனார்கள். அக்காவால் உட்கார முடியவில்லை. தண்ணீர் குடித்தார், நடந்தார், செக்யூரிட்டியிடம் எந்த ஊர் என்று விசாரித்தார், மறுபடி நடந்தார். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து டாக்டரம்மா முகமூடியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார்.

"நல்லபடியா முடிஞ்சுது. முழிச்சுட்டார். வலி மாத்திரை தரப்போறோம். அது கூடக் குடி சேரவே கூடாது, காயம் ஆறின பிறகும் வேண்டாம். அவருக்கே சொல்லிட்டேன், தலையாட்டினார்."

நான் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டேன். அதற்குள் அக்கா படிக்கட்டுப் பக்கம் போய், போனைக் காதில் வைத்துவிட்டார். மறுமுனையில் எங்கள் வீட்டு ஓனர். போனே இல்லாமல் பேசியிருந்தாலும் பாகலூர் சாலை வரை கேட்டிருக்கும்.

"அண்ணா! முடிஞ்சிச்சி அண்ணா! நல்லா முடிஞ்சிச்சி! கண்ணு தொறந்துட்டானாம்! டாக்டரம்மா வாயாலயே சொல்லிச்சி! பால்காரருக்குச் சொல்லுங்க, கடசி வீட்டுக்குச் சொல்லுங்க, எல்லாருக்கும் சொல்லுங்க! அய்யய்யோ, கேளுங்க, குடி சுத்தமா இல்லன்னு அவனே சொன்னான், எல்லார் முன்னாடியும் சொன்னான்!"

வார்டுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. செக்யூரிட்டி வேகமாக எழுந்து அவரைப் பார்த்து நடந்தார். "அம்மா, இது ஆஸ்பத்திரிம்மா, மெதுவா பேசுங்க..."

நான் ஓடிப்போய் அவர் குறுக்கே நின்றேன்.

"விடுங்கண்ணா. இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும்."